டிரம்மில் நின்ற தண்ணீர்

வெள்ளம் வடிந்து பதினோராவது நாள் காலையில் மாரிசெல்வி மறுபடியும் தன் தெருக்களுக்குள் இறங்கினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, கண்மாய்க் கரைக்குக் கீழே, மலையைப் பார்த்துக் கிடக்கும் அந்த நாலு தெருவும் ஆறு வருஷமாக அவள் பொறுப்பு. வாரத்துக்கு ஒருதடவை வீடு வீடாகப் போவாள். தொட்டி, டிரம், பழைய டயர் என்று தண்ணீர் நிற்கிற இடத்திலெல்லாம் டார்ச் அடித்துக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் கொட்டச் சொல்வாள். கொட்ட முடியாததில் மருந்து விடுவாள். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வாள். தெருவில் அவளுக்குக் ‘கொசு அக்கா’ என்று பெயர்.

அன்றைக்குத் தெருவே வேறு மாதிரி இருந்தது. வாசலுக்கு வாசல் ஊறிப்போன மெத்தைகள் கிடந்தன. புளித்த அரிசி வாடையும் பிளீச்சிங் பவுடர் நெடியும் சேர்ந்து தொண்டையைக் கமறவைத்தன. பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். பக்கத்து மேஜையில் தண்ணீரோடு போன ரேஷன் அட்டைகளுக்கு நகல் கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மின்வாரியத்துக்காரர்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் கரண்ட் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாச் சுவரிலும் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பழுப்புக் கோடு ஓடியது.

கடைசி வீட்டை அவள் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிப் போட்டிருந்தாள்.

அது நேசையன் வீடு. ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து, ராஜபாளையத்தில் ஒரு மில்லில் இரவுக் காவல் பார்க்கிறவர். அவர் மனைவி தேவகிருபை, தெருவிலேயே மாரிசெல்வியை உட்கார வைத்துப் பேசுகிற ஒரே ஆள். நெற்றியில் எந்நேரமும் தலைவலித் தைலம் மினுங்கும். “வெயில்ல அலையுத. உக்காரு, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ” என்பாள்.

கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகால் உடைந்த விடியற்காலையில் நேசையன் மில்லில் இருந்தார். தேவகிருபை மட்டும் வீட்டில். தண்ணீர் தெருப்பக்கமிருந்து வாசல் வழியாகப் புகுந்தது. மொட்டை மாடிக்குப் படிக்கட்டு பின்கட்டில், வீட்டுக்கு வெளியே இருக்கிறது. பின்கதவைத் திறந்து நாலு எட்டு வைத்தால் படி. மூன்று வார மழையில் ஊறிப் பெருத்திருந்த அந்தக் கதவில் தாழ்ப்பாளும் அசையவில்லை, கதவும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தீயணைப்புக்காரர்கள் அவளை அந்தக் கதவடியில்தான் கண்டெடுத்தார்கள். நகங்களில் மரச்சிராய் இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி…” என்று வாசலில் நின்று கூப்பிட்டாள் மாரிசெல்வி.

“வாம்மா.”

நேசையன் உள்ளறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வீட்டைக் கழுவியிருந்தார். நிவாரணப் பொருள் பை பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது. கதவுக்குப் பின்னால் அவள் கையெழுத்துப் போட்ட அட்டை அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது. மை மட்டும் கரைந்து நீலமாக வழிந்திருந்தது.

என்ன பேசுவதென்று தெரியாமல், “தண்ணி ஏதும் நிக்கா அண்ணாச்சி?” என்று வேலையைக் கேட்டாள்.

அவர் கண்கள் பின்பக்கம் போகும் நடையைப் பார்த்தன.

அந்த நடை குறுகலானது. பகலிலும் வெளிச்சம் எட்டாது. அதன் கோடியில் பின்கதவு மூடியே கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் முன்பக்கமாக வந்து முன்பக்கமாகவே போனவர்கள். கதவுக்குப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு நீல டிரம், மேலே பலகை போட்டு மூடி.

மாரிசெல்வி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையை நகர்த்தினாள்.

டிரம் நிறையக் கலங்கல் தண்ணீர். வெள்ளத்தோடு வந்தது. பதினோரு நாள் ஆடாமல் அசையாமல் நின்ற தண்ணீர் இதற்குள் தெளிந்து, வண்டல் அடியில் தங்கியிருக்க வேண்டும். இது தெளியவில்லை. டார்ச் வெளிச்சத்தில் செம்மண் நிறத்தில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ கைவிட்டுக் கலக்கியதுபோல.

அதன் மேலே நெளிநெளியாகப் புழுக்கள்.

“அண்ணாச்சி, இதக் கொட்டிரணும். அம்புட்டும் டெங்குப் புழு.”

“அதத் தொடாத.”

அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

“அவ மூச்சு போன தண்ணி தாயி. ஊருத் தண்ணி பூரா வடிஞ்சு போச்சு. எனக்குன்னு இது மட்டுந்தான் மிச்சம். காத வச்சுக் கேளு. தட்டுதா.”

“யாரு?”

“கேளேன்.”

அவருடைய ஆறுதலுக்காகத்தான் அவள் குனிந்தாள். டிரம்மின் பக்கவாட்டில் காதை வைத்தாள். பிளாஸ்டிக் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

முதலில் ஒன்றும் இல்லை.

பிறகு, டொக்.

உள்ளேயிருந்து. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும். கதவைத் தட்டிவிட்டு யாராவது வருகிறார்களா என்று காத்திருக்கிறவர்கள் விடும் இடைவெளி.

மாரிசெல்வி தலையைத் தூக்கினாள். பலகை விலகியிருந்த டிரம்மில் அடியிலிருந்து ஒரே ஒரு குமிழி எழுந்து வந்து மேலே உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து தலைவலித் தைலத்தின் வாசம் வந்தது.

அந்த வாசத்தோடு குரலும் வந்தது. ரகசியம் பேசுவதுபோல, மூச்சு மட்டும்.

“மாரி… சொல்லிட்டியா?”

டார்ச் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

“கேட்டுச்சா?” என்றார் நேசையன். அவர் முகம் சின்னப்பிள்ளை முகம்போல மலர்ந்திருந்தது. “தட்டுனாள்ல?”

“ஆமா அண்ணாச்சி.”

“வேற ஏதாச்சும் கேட்டுச்சா? எனக்குத் தட்டுதது மட்டுந்தான் கேக்கு. ஒரு வார்த்த பேச மாட்டாளான்னு இருக்கு.”

“இல்ல” என்றாள் மாரிசெல்வி. “தட்டுதது மட்டுந்தான்.”

தெருமுனை வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே நின்று பதிவேட்டை எடுத்து, நேசையன் வீட்டு எண்ணுக்கு நேராக, ‘பூட்டிய வீடு’ என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

*

தேவகிருபை என்ன சொல்லச் சொன்னாள் என்று மாரிசெல்விக்குத் தெரியும்.

வெள்ளத்துக்கு முந்தின வாரம், அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவளைத் தேவகிருபை கூப்பிட்டு நிறுத்தினாள். “ஏட்டி மாரி, பின்கதவு ஊறிப் பிடிச்சிக்கிட்டு வர மாட்டேங்கு. எங்க வீட்ல அவிய மழை விடட்டும்னு சொல்லுதாவ. ஒன் வீட்டுக்காரர வரச் சொல்லு. ரெண்டு சீவு சீவுனா சரியாப் போயிரும்.”

மாரிசெல்வியின் கணவன் மலைச்சாமி தச்சு வேலை பார்க்கிறவன். “ராத்திரியே சொல்லிருதேன்க்கா” என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று ராத்திரி வீட்டில் ஓடு ஒழுகியது. மறுநாள் சுகாதார நிலையத்தில் கூட்டம் இருந்தது. அதற்கு மறுநாள் எதனால் மறந்தாள் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. மலைச்சாமி அந்த வாரம் முழுக்க வேலை இல்லாமல் வீட்டில்தான் இருந்தான்.

அரைமணி நேர வேலை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி மலைச்சாமி இழைப்புளியைத் தீட்டும்போது எழுந்து வெளியே போய்விடுவாள். அடுத்த வாரமும் நேசையன் வீட்டுப் பக்கம் போகாமல், ‘பூட்டிய வீடு’ என்றே எழுதினாள். அதற்கடுத்த வாரமும்.

நாலாவது வாரம், நேசையன் வீட்டுக்கு ஒட்டின வீட்டில் யுவராணிக்குக் காய்ச்சல் கண்டது. இருபத்திரண்டு வயசுப் பெண், ஏழு மாதக் கர்ப்பம். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து டெங்கு என்றார்கள். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போவதாகச் சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் தெருவைக் கடக்கும்போது யுவராணியின் அம்மா, ஜன்னல் வழியாக மாரிசெல்வியைப் பார்த்துக் கைகூப்பினாள். எதற்குக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை. மாரிசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மதியமே சுகாதார ஆய்வாளர் சேதுபதி பதிவேட்டோடு வந்தார்.

“இந்தத் தெருவுல ஒரு வீடு மூணு வாரமாப் பூட்டிக் கெடக்கே, யாரும்மா அது? பூட்ட ஒடச்சாவது உள்ள பாத்திருவோம்.”

“நான் பாத்துக்கிடுதேன் சார்.”

“நானும் வாரேன்.”

“வேண்டாம் சார்” என்றாள். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, சேதுபதி மேற்கொண்டு கேட்கவில்லை. “சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டுச் சொல்லு” என்று மட்டும் சொன்னார்.

*

வீடு திறந்தே இருந்தது. நேசையன் நடையில், டிரம்மின் மேல் தலையைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். மாரிசெல்வி அவர் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

“அண்ணாச்சி, காய்ச்சல் இப்படி அடிக்கே. எத்தன நாளா?”

“அது கெடக்கு. மூணு நாளாச் சத்தம் கூடிப்போச்சு மாரி. விடாமத் தட்டுதா. எதுக்குன்னுதான் தெரியல.”

அவர் சொல்ல வேண்டியதே இல்லை. இப்போது காதை வைக்காமலே கேட்டது. நடை முழுக்க அந்தச் சத்தம். டொக் டொக் டொக். சில சமயம் அது டிரம்மிலிருந்து வருவதாக இருந்தது. சில சமயம் பின்கதவிலிருந்து.

“பக்கத்து வீட்டுப் பிள்ள யுவராணிய மதுரைக்குக் கொண்டு போயிருக்காவ. வயித்துப் பிள்ளக்காரி. இந்தத் தண்ணியில உள்ள புழுதான் அண்ணாச்சி. நீங்களும் படுத்துருவிய. இதக் கொட்டித்தான் ஆகணும்.”

“அந்தப் பிள்ளைக்கா?” நேசையன் நிமிர்ந்தார். கண்கள் கலங்கின. “அது பொறந்தப்ப இவதான் தூக்கித் திரிஞ்சா.” ஆனாலும் டிரம்மைக் கட்டியிருந்த கையை அவர் எடுக்கவில்லை. “கொட்டிட்டா அவ எங்க போவா மாரி? எதுக்குத் தட்டுதான்னு தெரியாம நான் எப்படிக் கொட்டுவேன்?”

மாரிசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

சொன்னாள். கையெழுத்துப் போட்டது, தேவகிருபை கூப்பிட்டது, ராத்திரியே சொல்கிறேன் என்றது, ஓடு ஒழுகியது, மறந்தது எல்லாம். அந்தக் குரலையும் சொன்னாள். பூட்டிய வீடு என்று எழுதியதையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது. கூர்ந்து கேட்கிற ஒருவர் இருக்கிற இடத்தின் அமைதி அது.

நேசையன் வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அடித்தாலும் தேவலை என்று இருந்தது.

“என்கிட்டயும் நாலு தடவ சொன்னா” என்றார் கடைசியில். “மரம் காஞ்சாத் தானாச் சரியாயிரும்னேன்.” பிறகு டிரம்மைக் காட்டினார். “ஒன்னத்தான கேக்கா? நீயே அவகிட்டச் சொல்லு.”

மாரிசெல்வி எழுந்தாள். பலகையை நகர்த்தினாள். தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. முகம் தெரியும் என்று பயந்தாள். கலங்கலில் அவள் முகம்கூடத் தெரியவில்லை. குனிந்தாள். குளிர் மூக்கில் ஏறியது.

“அக்கா.”

ஒரு குமிழி.

“சொல்லலக்கா. மறந்துட்டேன்.”

சுழற்சி நின்றது.

அப்படியே, யாரோ கையை வெளியே எடுத்துக்கொண்டதுபோல. அவள் கண்முன்னாலேயே செம்மண் கீழே இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேல்தண்ணீர் தெளிந்து, டிரம்மின் நீலம் தெரிந்தது. தைல வாசம் போய்விட்டது. வெறும் சேற்று வாடை.

இருவரும் சேர்ந்துதான் தண்ணீரை இறைத்தார்கள். அவள் வாளியில் மோந்து கொடுக்க, நேசையன் காய்ச்சலில் தள்ளாடித் தள்ளாடி வாசலுக்குக் கொண்டுபோய் ஊற்றினார். ஒவ்வொரு வாளியையும் மெதுவாக, மண் தெறிக்காமல் சாய்த்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்குகிறவர்கள் அப்படித்தான் இறக்குவார்கள்.

டிரம் காலியானதும் அவர் குனிந்து, அதன் வயிற்றில் காதை வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். மாரிசெல்வி பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்க்கக் காத்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றார். “போயிட்டா.”

திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. அதனால்தான் அவள் அந்தப் பார்வையைப் பிறகு எத்தனையோ ராத்திரிகள் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“நீ சொல்லாமலே இருந்திருக்கலாம் மாரி.”

*

யுவராணி பிழைத்தாள், வயிற்றுப் பிள்ளையும் தங்கியது. நேசையன் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாகர்கோவிலிலிருந்து மகள் ஜெனிலா வந்து, அவரைத் தன்னோடு கூட்டிப் போனாள். போகும்போது அவர் வீட்டுச் சாவியை மாரிசெல்வியிடம் கொடுத்தார். “வாரம் ஒருநா நீ வருவேல்ல” என்றார். பஸ் ஏறும்போது ஒரேயடியாகக் கிழவராகத் தெரிந்தார்.

அன்று ராத்திரி சோறு போட்டுவிட்டு மாரிசெல்வி மலைச்சாமியின் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஒரு வேல வந்துச்சு. ஒங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்.”

“என்ன வேல?”

“கதவு ஒண்ணு ஊறிப் பிடிச்சிருக்காம். சீவி விடணும்னு சொன்னாவ.”

“யாரு சொன்னா? எப்ப?”

அவள் சொன்னாள். மலைச்சாமி தட்டிலேயே கையைக் கழுவினான். திட்டவில்லை. “ஞாயித்துக்கெழம போவோம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. மலையில் மேகமே இல்லை. மலைச்சாமி கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துச் சந்து வழியாக வீட்டின் பின்பக்கம் போனான். “நீ முன்வாசலத் தெறந்து உள்ள வா. உள்தாழ்ப்பாள எடு. நான் வெளியருந்து நெம்புதேன்.”

அவள் பூட்டைத் திறந்தாள். பூட்டிக் கிடந்த வீட்டின் ஈர வாடை முகத்தில் அடித்தது. முன்னறையைத் தாண்டி உள்ளறைக்கு வந்தாள். நடை வாசலில் கால் நின்றுவிட்டது. கோடியில் ஒரே இருட்டு. அதற்குள் ஓர் எட்டு எடுத்து வைக்க அவளால் முடியவில்லை.

வெளியிலிருந்து மலைச்சாமியின் குரல் கேட்டது. “தாழ்ப்பாள எடுத்துட்டியா?”

“இல்ல, நான் இன்னும்…” என்று வாயைத் திறந்தாள். சத்தம் எழும்பவில்லை.

இருட்டுக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். துருப்பிடித்த இரும்பு மெல்ல மெல்ல நகர்கிற சத்தம்.

“ஆங், அப்படித்தான்” என்றான் மலைச்சாமி வெளியே. “இப்ப ஒன் பக்கம் இழு. நல்லா இழு.”

கதவு அதிர்ந்தது.

மாரிசெல்வி அசையவில்லை.

“இன்னும் கொஞ்சம். வருது, வருது.”

இருட்டில், மேலிருந்து கீழாக, நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. கோடு அகன்றது. கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டு வந்தது. வெயில் நடைக்குள் சரிந்து விழுந்தது. கதவின் பின்னால் யாரும் இல்லை.

“அப்படியே பிடிச்சிக்கோ, ஆடாம” என்று சொல்லிவிட்டு மலைச்சாமி வெளியே குத்தவைத்து உட்கார்ந்து, கதவோரத்தின் அடிப்பகுதியில் இழைப்புளியை ஓட்டத் தொடங்கினான். அவன் தலை குனிந்தே இருந்தது. சரக், சரக் என்று சுருள்சுருளாக மரச்சீவல் விழுந்தது. அவன் தள்ளுகிற வேகத்துக்குக் கதவு ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. யாரோ இரண்டு கையாலும் பிடித்திருப்பதுபோல நின்றது.

கத்த வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கத்தவில்லை. காலியான டிரம்மில் காதை வைத்தபடி நின்ற நேசையன்தான் நினைவுக்கு வந்தார். போனை எடுத்து அவருக்குப் போட்டாள்.

“சொல்லும்மா” என்றது களைத்த குரல்.

அவள் பேசாமல் போனை நடையின் பக்கம் நீட்டினாள்.

“என்ன சத்தம் மாரி அது?”

“பின்கதவு அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் வந்து சீவுதாவ.”

இழைப்பு நின்றது. மலைச்சாமி எழுந்து, கருவிகளைப் பையில் போட்டபடி, “முடிஞ்சுது. மூடித் தெற பாப்போம்” என்றான்.

கதவு மெல்ல மூடியது. திறந்தது. எங்கும் பிடிக்காமல், உரசாமல், மறுபடியும் மூடித் திறந்தது.

பிறகு அகலத் திறந்து நின்றது. வாசற்படியின் காய்ந்த சிமெண்டில் ஈரமாக ஒரு பாதம் பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று.

பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த மலைச்சாமி, தலையைத் தூக்காமலே, தன்னைத் தாண்டிப் போகிற கால்களைப் பார்த்துச் சொன்னான்: “ஏட்டி, படியில பாத்து ஏறு. பூராம் பாசி.”

போனில் நேசையன் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

“மாரி, நீ எங்க நிக்க?”

“உள்ள நிக்கேன் அண்ணாச்சி. வீட்டுக்குள்ள.”

அவர் குரல் உடைந்திருந்தது.

“ஏறிட்டாளா?”

மாரிசெல்வி தலையைத் தூக்கிக் கூரைத் தளத்தைப் பார்த்தாள். அதற்கு மேலே, மொட்டை மாடியில், யாரோ நிதானமாக நடந்துகொண்டிருந்தார்கள்.